விரதம் முடிந்த மறுநாள் என்ன செய்வது?

மட்டக்களப்புப் பக்கம் நம்மூரில் எவ்வளவு குடிக்கிறவரும் வருடத்தில் சில நாட்கள் குடிக்க மாட்டார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால் குளிர்த்தி (அம்மனைக் குளிரவைக்கிற பாட்டு) பாடி முடியும்வரை ஊரில் மீன், இறைச்சி சமைக்க மாட்டார்கள், அந்த நாட்களில் போத்தலைத் தொட அவருக்கும் மனம் வராது. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 41 நாள். கந்தசஷ்டிக்கு 6 நாள். உகந்தையில் இருந்து காட்டுப்பாதையால் கதிர்காமத்துக்கு நடக்கிற கூட்டத்தோடு சேர்ந்தால் போய்ச் சேரும்வரை. கிறிஸ்தவர் என்றால் தவக்காலம், முஸ்லிம் ஊரில் ஒளித்துக் குடிக்கிறவர் என்றால் நோன்பு மாதம். இதையெல்லாம் பார்த்துவிட்டு வீட்டில் கேட்பார்கள்: "41 நாள் இருக்கத் தெரிந்த மனுசனுக்கு 42ஆம் நாள் இருக்கத் தெரியாதா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்த 41 நாளில் என்ன நடந்தது என்று கொஞ்சம் பாருங்கள். விடிய எழும்பிக் குளிக்க வேண்டும், பின்னேரம் பஜனைக்குப் போக வேண்டும், தலைக்கு மேல் ஒரு குருசாமி இருக்கிறார், ஒரு நாள் போகாவிட்டால் "ஏன் சாமி நேற்று வரல்ல?" என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள், கறுப்பு வேட்டியைக் கண்டால் பழைய கூட்டாளிகூட "வா மச்சான், ஒரு ஷொட்" என்று கூப்பிட மாட்டான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு இவ்வளவும் ஒரேயடியாக இல்லாமல் போகிறது. ஐயப்பன் எங்கேயும் போகவில்லை, சுற்றி நின்ற ஆட்கள்தான் கலைந்துவிட்டார்கள். மறுநாள் பின்னேரம் ஆறு மணிக்கு அந்த மனுசன் எங்கே போவார், யாரோடு இருப்பார் என்று யாரும் யோசிக்கவில்லை.

குடியை விடுகிறவருக்கு ஆன்மீகத் துணை வேண்டும் என்று சொல்லும்போது பலர் விளங்கிக்கொள்வது பக்தியைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று. பக்தி இருந்தால் நல்லது. ஆனால் நான் இங்கே விளக்க வருவது, விரதகாலத்தில் தானாகக் கிடைக்கிற அந்த ஒழுங்கையும் ஆட்களையும் திருவிழா இல்லாத சாதாரண நாட்களுக்கும் எப்படி ஏற்பாடு செய்துகொள்வது என்பதைத்தான்.

கோயிலுக்கு முன்னால் ஆஸ்பத்திரி

பல வருடமாகத் தினமும் நிறையக் குடித்தவர் சடாரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா விடாது. கடைசிக் குடிக்குப் பிறகு 6 மணித்தியாலத்தில் இருந்து ஒரு நாளுக்குள் கைநடுக்கம், வியர்வை, வாந்தி, நித்திரையின்மை தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் இன்னும் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊருவது தெரியும், செத்துப்போன ஆள் வாசலில் நின்று கூப்பிடுவது கேட்கும், கண்டபடி கத்துவார், ஓடப் பார்ப்பார். டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று டொக்டர்மார் சொல்கிற இந்த நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிர் போகலாம்.

இப்போது யோசியுங்கள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்து, அம்மனுக்கு நேர்த்தி வைத்து, அன்றைக்கே நிறுத்தின ஒருவருக்கு மூன்றாம் நாள் இரவு இப்படி வந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பேய், செய்வினை, தெய்வக் குற்றம். மட்டக்களப்பான் மந்திரத்தால் பாயோடு ஒட்டவைப்பான் என்று வெளியூரில் நமக்கு ஒரு பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் இந்த மூன்றாம் நாள் இரவில் தண்ணி ஓதுகிறவரைத் தேடிக்கொண்டு திரிய நேரமில்லை. ஆட்டோவைப் பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க மருந்து இருக்கிறது, பி1 விட்டமின் ஏற்றுவார்கள், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசும் இல்லை. நூல் கட்ட ஆசை என்றால் வார்டிலேயே கட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

அதைவிட நல்லது நிறுத்துவதற்கு முன்பே போய்க் கதைப்பது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று கேளுங்கள். பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்களும் இருப்பார்கள். போனில் கதைப்பது லேசு என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் 1926, போதைப்பொருள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் 1927. எங்கே போனாலும் எவ்வளவு குடிக்கிறீர்கள், கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். கசிப்பு (கள்ளச்சாராயம்) என்றால் கசிப்பு என்றே சொல்லுங்கள்.

குடிகாரனுக்கு இன்னொரு குடிகாரன்

1935 மே மாதம், பில் வில்சன் என்று நியூயோர்க்கில் பங்குச்சந்தை வேலை பார்த்த ஒருவர் வியாபார விஷயமாக அமெரிக்காவின் அக்ரன் நகரத்துக்கு வந்திருந்தார். குடியை விட்டு அப்போது சில மாதங்கள்தான். வந்த காரியம் சரிவரவில்லை, கையில் காசும் பெரிதாக இல்லை. அவர் தங்கியிருந்த மேஃபிளவர் ஹோட்டலின் முன்மண்டபத்தில் ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்பும் சத்தமும். மறுபக்கம் ஒரு டெலிபோன், பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியல். கொஞ்சநேரம் அங்குமிங்கும் நடந்துவிட்டு மனுசன் டெலிபோன் பக்கம் போய் ஒரு போதகருக்கு எடுத்தார். தனக்காகச் செபிக்கச் சொல்லி எடுக்கவில்லை. இந்த ஊரில் குடியை விட முடியாமல் இருக்கிற இன்னொருவரோடு கதைக்க வேண்டும், அப்படி யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

அப்படிக் கிடைத்தவர்தான் டொக்டர் பொப் ஸ்மித், ஒரு சத்திரசிகிச்சை நிபுணர். பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் மணிக்கணக்காக இருந்து கதைத்தார். காரணம் பெரிய ரகசியம் இல்லை. மனைவி, நண்பர்கள், சபை என்று அதுவரை எல்லாரும் பொப்புக்குப் புத்தி சொன்னார்கள், இந்த ஆள் மட்டும் புத்தி சொல்லாமல் தன் கதையைச் சொன்னார். டொக்டர் பொப் கடைசியாகக் குடித்த நாள் என்று கணக்கிடுகிற 1935 ஜூன் 10தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தொடங்கிய நாள்.

ஏஏ என்றால் ஒரு கூட்டம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி இல்லை, மதம் இல்லை, நடத்துவதற்குச் சம்பளத்துக்கு ஆளும் இல்லை. சேருவதற்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி குடியை விட வேண்டும் என்ற விருப்பம். கட்டணம் கிடையாது, தேத்தண்ணிக்கும் மண்டப வாடகைக்கும் ஒரு தட்டு சுற்றிவரும், போட விரும்பினால் போடலாம், வெளியாரிடம் நன்கொடை வாங்க மாட்டார்கள். சுற்றிவர இருந்து ஒவ்வொருவராகத் தன் பெயரை (முழுப்பெயர் வேண்டாம்) சொல்லி, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, முன்பு எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இப்போது எப்படி என்று கதைப்பார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் குறுக்கே புகுந்து அறிவுரை சொல்லக் கூடாது. நம்மவர்களுக்கு ஆகக் கஷ்டமான விதி இதுதான் என்பது என் அபிப்பிராயம், ஒரு ஆள் தன் கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கினாலே "நான் சொல்லுறதக் கேளு" என்று பாய்கிற பழக்கம் நமக்கு. அங்கே கேட்டது அங்கேயே கிடக்க வேண்டும் என்பது இன்னொரு விதி.

அவர்களிடம் 12 படிகள் உண்டு. குடியின் முன்னால் தன் பலம் செல்லாது என்று ஒத்துக்கொள்வதில் தொடங்கி, தன்னைவிடப் பெரிய ஒரு சக்தியிடம் பொறுப்பைக் கொடுப்பது, செய்த பிழைகளை எழுதிப் பார்த்து இன்னொரு மனிதரிடம் வாய்விட்டுச் சொல்வது, கெடுதல் செய்தவர்களிடம் போய்ச் சரிப்படுத்துவது (போவதால் அவர்களுக்கு மேலும் கெடுதல் வரும் என்றால் போகாமல் விடுவது), கடைசியில் இன்னொரு குடிநோயாளிக்குக் கைகொடுப்பது. இதில் முன்னே போனவர் ஒருவர் புதியவருக்கு வழிகாட்டியாக இருப்பார், நம்முடைய குருசாமி மாதிரி என்று வையுங்கள். இப்படியெல்லாம் செய்து ஏதும் ஆகுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக: மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுகிற கொக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளை, 10,000க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்துப் பார்த்தது, தொடர்ந்து குடிக்காமல் இருக்கும் விஷயத்தில் ஏஏயும் அதையொட்டிய சிகிச்சையும் மற்ற உளச்சிகிச்சைகளுக்கு நிகராகவோ மேலாகவோ இருப்பதாகக் கண்டது.

சத்தியம் செய்கிற விஷயத்திலும் அவர்கள் வேறு மாதிரி. நாம் பிள்ளையின் தலையில் அடித்து "இனிச் செத்தாலும் தொடமாட்டன்" என்போம், அது ஒரு மாதத்தில் முறிந்தால் குடித்த குற்றத்தோடு பிள்ளையின் தலைக்கு வினை தேடிய குற்றமும் சேர்ந்து அமுக்கும், அதை மறக்க இன்னும் ஒரு கால் போத்தல். அவர்கள் இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன் என்பார்கள். நாளையை நாளைக்குப் பார்ப்போம். இடையில் வழுக்கினால் அடுத்த கூட்டத்துக்கு வந்து வழுக்கினேன் என்று சொல்லிவிட்டு முதலாம் நாளில் இருந்து எண்ணத் தொடங்கலாம், யாரும் எழுப்பி அனுப்ப மாட்டார்கள்.

நடைமுறையில் இது எப்படி உதவும்? வெள்ளாமை வெட்டி முடிந்து கூலி கைக்கு வந்திருக்கிறது, ஒரு செவ்வாய்க்கிழமை, மணி ஆறரை, பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகிற வழியில்தான் பார். உடம்பெல்லாம் அலுப்பு, வயலுக்கு ஒன்றாகப் போனவர்கள் மூன்று பேர் ஏற்கனவே உள்ளே. அந்த நேரம் தேவாரம் வாயில் வராது, உண்மையைச் சொன்னால். ஆனால் போனை எடுத்து ஒரு இலக்கத்துக்கு அழுத்த முடியும், மறுபக்கத்தில் இதே வாசலில் இதே மாதிரி நின்ற ஒருவர் "எங்க நிக்கிறாய்? சரி, கதைச்சுக் கதைச்சு நட, வைக்காத" என்பார். வீட்டுப் படலை வரும்வரை எருமை விலையில் இருந்து மழை வரைக்கும் ஏதோ கதைத்துக்கொண்டே போவார்கள். பொறுத்துக்கொண்டால் அந்த ஆசை பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைக் கடக்கத்தான் ஆள் வேண்டும்.

நம் சாமிகளும் நம் பள்ளிகளும்

ஏஏயின் படிகளிலேயே கடவுளை அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றுதான் எழுதியிருக்கிறது, ஆகவே மாமாங்கப் பிள்ளையாரை விட்டுவிட்டு யாரும் வேறு எங்கும் போகத் தேவையில்லை. நம்பிக்கையே இல்லாதவர்கள் கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தியாக எடுத்துக்கொள்வதுண்டு. கடவுள் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்று 1994இல் தொடங்கிய வேறொரு முறை இருக்கிறது, அது முழுக்க மனப்பயிற்சி.

சைவராக இருந்தால் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவதோடு நிற்காமல் நேரம் குறித்த ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை வீதி கூட்டுவது, அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டுவது, தேவாரம் பாடுகிற குழுவில் சேருவது, எதுவானாலும் நீங்கள் வராவிட்டால் ஒரு ஆள் தேட வேண்டும். கூட்டமும் பறைச்சத்தமும் ஒத்துவராத அமைதியான சுபாவக்காரருக்குக் கல்லடி இராமகிருஷ்ண மிஷன் மாதிரி இடத்தில் பின்னேரப் பிரார்த்தனை பொருந்தும். நேர்த்தி வைப்பதென்றால் ஆயுளுக்கு வைக்காமல் ஒரு வெள்ளியில் இருந்து அடுத்த வெள்ளிவரை வையுங்கள். கவனமாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு: சில தெய்வங்களின் மடையில் சாராயமும் வைப்பார்கள், அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள், திருவிழா முடிந்த இரவு சாமான் ஏற்றுகிற சாட்டில் நடக்கிற கூத்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வாருங்கள். சில நிர்வாக சபைக் கூட்டங்கள் எங்கே போய் முடிகின்றன என்று ஊருக்கே தெரியும், அதைப் பற்றி நான் ஏன் வாயைத் திறக்கிறேன்.

கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் பழகிய விஷயம் என்பதால் ஐந்தாம் படி, அதாவது பிழையை இன்னொருவரிடம் சொல்வது, அவ்வளவு அந்நியமாக இராது. நற்கருணையில் அப்பத்தை மட்டும் வாங்கினாலே அது முழுமையானது, கிண்ணத்தைத் தொட வேண்டியதில்லை. மற்றச் சபைகளில் திராட்சை இரசம் புளித்ததா என்று போதகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு வந்து செபிக்கிற சபைகள் இந்த விஷயத்தில் உண்மையில் நல்ல வேலை செய்கிறார்கள், ஆள் வராவிட்டால் தேடி வருவார்கள், சாட்சி சொல்கிற பழக்கம் அவர்களிடம் இருப்பதால் விட்டவர் எழும்பித் தன் கதையைச் சொல்லவும் இடமுண்டு. ஆனால் விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று யாராவது சொன்னால், எந்தச் சாமியின் பெயரால் சொன்னாலும், அந்தப் பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

காத்தான்குடி, ஏறாவூர், சாய்ந்தமருது, அக்கரைப்பற்று மாதிரியான ஊர்களில் சிக்கல் வேறு. குடி ஹராம் என்பதால் குடிக்கிறவர்கள் இல்லை என்று ஆகிவிடாது, ஒளித்துக் குடிக்கிறவர் உதவியையும் ஒளித்துத்தான் தேட வேண்டியிருக்கும், வாப்பாவுக்குத் தெரிந்தால், பள்ளியில் தெரிந்தால் என்ற பயத்திலேயே வருடங்கள் போகும். இரண்டு விஷயங்களை நினைவில் வைக்கலாம். ஒன்று, அல்குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுக்கவில்லை, போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்ற கட்டம் முழுத் தடைக்கு முன்னால் வந்தது. ஐந்து நேரமும் ஜமாஅத்தோடு தொழ முடிவெடுத்தவருக்கு இன்றைக்கும் அது ஒரு நேர அட்டவணை, விடியல் சுபஹில் இருந்து இரவு இஷா வரை குடிக்க அதிக இடைவெளி கிடைக்காது. இரண்டு, தன் பாவத்தைத் தானே ஊருக்குப் பறைசாற்றச் சொல்லி மார்க்கம் கேட்கவில்லை, தவ்பா, அதாவது பாவமன்னிப்புத் தேடுவது, அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில். ஆகவே நம்பிக்கையான ஒரு மௌலவியிடமோ, வேண்டுமானால் வேறு ஊர் ஆஸ்பத்திரியிலோ அடக்கமாகப் போய்க் கதைப்பதில் ஒரு பிழையும் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள்

குடிப்பவர் வராவிட்டாலும் குடும்பம் தனியாக உதவி தேடலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் தொடங்கிவைத்த அல்-அனான் அப்படிப்பட்டதுதான், குடிநோயாளிகளின் மனைவி, தாய், பிள்ளைகள் கூடுகிற கூட்டம். அங்கே முதலில் படிப்பது, அவர் குடிப்பதற்கு நான் காரணமில்லை என்பதை. "அவள் வாய் அடங்கினா அவன் ஏன் குடிக்கிறான்" என்று மாமியார் முதல் சந்திக்கடை வரை கேட்டுக் கேட்டு நம்பிப்போன பெண்ணுக்கு இது பெரிய விஷயம். போத்தலை ஒளிப்பது, கடனை அடைப்பது, வேலைத்தளத்துக்குப் போன் எடுத்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, இவை ஒன்றும் குடியைக் குறைக்காது. அவர் கை நீட்டுகிறவர் என்றால் கூட்டம், படி எல்லாம் பிறகு, பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு 1938க்கு எடுங்கள், அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

பக்கத்தில் கூட்டம் இல்லையென்றால்

இதுதான் நம் பகுதியில் எல்லாரும் கேட்பது. சென்னையில் தமிழில் ஏஏ கூட்டங்கள் நடக்கின்றன, இணையவழிக் கூட்டம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், போன் திரையில் என்றாலும் ஆள் ஆள்தான். அப்புறம், நீங்களே ஒன்றைத் தொடங்கலாம். குடியை விடுவதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே அது ஒரு குழு என்று ஏஏயின் மரபிலேயே இருக்கிறது, யாரிடமும் அனுமதிப் பத்திரம் எடுக்க வேண்டியதில்லை. கிளினிக்கில் மருந்தெடுக்கிற இன்னொருவரை அறிமுகப்படுத்த முடியுமா என்று உளவளத்துணை உத்தியோகத்தரிடம் கேளுங்கள், அந்த ஆளின் சம்மதத்தோடு செய்து தருவார். இடத்துக்கு, பாலர் பாடசாலைக் கட்டிடம் பின்னேரத்தில் சும்மாதான் கிடக்கும், கதிரை மட்டும் சின்னது. சொந்த ஊரில் எல்லாரும் மச்சான் மச்சினன் என்பதால் கூச்சம் என்றால் களுவாஞ்சிக்குடிக்காரர் மட்டக்களப்புக்கும், அக்கரைப்பற்றுக்காரர் கல்முனைக்கும் பஸ் ஏறிப் போவது நல்லது. கிழமையில் ஒரு நாள், ஒரு மணித்தியாலம், அதே நாள், அதே நேரம், மழை பெய்தாலும் மாற்ற வேண்டாம். தேத்தண்ணி, பிஸ்கட் போதும். சம்பளம் கிடைக்கிற கிழமையையும், செத்தவீடு கல்யாணவீடு இருக்கிற கிழமையையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அந்த ஆளுக்கு அன்றைக்கு யார் போன் எடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

யாராவது ஒரு நாள் வெறியில் வந்து நிற்பார், கட்டாயம் நடக்கும். துரத்த வேண்டாம். இருந்து கேட்கட்டும், கதைக்கிற முறை அடுத்த கிழமை என்று சொல்லுங்கள், மோட்டார்சைக்கிள் திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு முடிந்ததும் இரண்டு பேராக அவரை ஏற்றிக்கொண்டுபோய் வீட்டில் விடுங்கள், திறப்பை விடிந்த பிறகு கொடுக்கலாம்.